பத்துக்குப் பின்னால் ஒரு கமா

முதலில் கெடுதல் செய்தவள் என் அக்காள் மகள் மேகலா. அதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன் தம்பி. இந்தக் கதையைக் கடைசியிலிருந்து கேட்டவர்கள் எல்லாரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். முதலிலிருந்து கேட்டால் அப்படிப் பார்க்க மாட்டார்கள். முதலில் செய்தவள் அவள். நான் பிறகுதான்.

உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் சேலத்தில் ஏறியதிலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறேன். மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறீர்கள். திரும்பத் திரும்பச் சிவப்பு எழுத்து வருகிறது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஐந்தாவதோடு என்னை மாடு பார்க்க அனுப்பிவிட்டார்கள். ஆனால் அந்தச் சிவப்பு வரியின் உருவம் எனக்குத் தெரியும். முதலில் ஒரு சின்ன எண் வரும், கொஞ்சம் தள்ளி அதைவிடப் பெரிய எண் வரும். "நான் கேட்டது இவ்வளவு, நீ கொடுத்தது இவ்வளவு" என்று அர்த்தம். சரிதானே? பாருங்கள், வாயைத் திறக்கிறீர்கள். நாமக்கல்லில் இருந்து வரும் கோழிப்பண்ணைக் கிழவனுக்கு இது எப்படித் தெரியும் என்றுதானே? அதைத்தான் சொல்ல வருகிறேன். மூடி வையுங்கள். ஓசூர் போகிறவரை நேரம் கிடக்கிறது.

என் பெயர் அர்த்தநாரி. என் அக்காளைக் கட்டியவர் தெய்வசிகாமணி, ஒன்பது கொட்டகை வைத்து முட்டைக்கோழி வளர்க்கிறவர். அந்தப் பண்ணையில் நான் இருபத்திரண்டு வருஷம் மேற்பார்வை. எனக்குப் பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை இல்லை. பண்ணைதான் எல்லாம். எந்தக் கொட்டகையில் எந்தக் கோழி இருமுகிறது என்று தூரத்தில் நின்றே சொல்லுவேன். அந்த மாதிரி ஆள்.

மேகலா கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவள். அதை விட்டுவிட்டு வந்தாள். "இனிமே பண்ணையை நான் பாத்துக்கறேன்பா" என்றாள். வெயில் ஏறினால் கொட்டகைக்கு மேலே தண்ணீரைப் புகை மாதிரித் தூவும் குழாய் இருக்கிறதல்லவா, அதை அதுவரை ஆள் போய்த்தான் திருப்பிவிடுவோம். அவள் அதைக் கம்ப்யூட்டரில் சேர்த்தாள். ஒன்பது கொட்டகையும் தானாகச் சூட்டைப் பார்த்துத் தானாகத் தூவிக்கொள்ள வேண்டும். அதுவும் ஒன்று முடிந்து அடுத்தது என்று இல்லாமல், ஒரே சமயத்தில்.

அதை எழுதும்போதுதான் என்னைக் கூப்பிட்டாள்.

"மாமா, இங்க வந்து உக்காருங்க. நான் எழுதுனதை வரி வரியாச் சொல்றேன். நீங்க கேட்டாப் போதும்."

ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். பி.இ. படித்த பெண், பக்கத்தில் ஐந்தாவது படித்த நான். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் சொன்னாள், வரி வரியாக. "இதுக்கு நூல்னு பேரு மாமா. ஒம்பது கொட்டகைக்கு ஒம்பது நூல். ஒம்பது ஆளை வெச்ச மாதிரின்னு நெனைச்சுக்குங்க. ஒருத்தன் விழுந்துட்டாலும் மத்தவன் நிக்காம வேலை செஞ்சுக்கிட்டே இருப்பான்." இப்படி. எனக்குப் புரிந்தது. பண்ணையாள் அப்படித்தானே?

அடுத்த நாள் மத்தியானம் நான் குளித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அதற்கடுத்த நாளும். கோழி எச்ச வாடையோடு போய் அந்த இடத்தில் உட்காருவது மரியாதை இல்லை என்று தோன்றியது. பேக்கரியில் டீ குடிக்கும்போது சொன்னேன்: "எங்க மேகலா என்னைக் கலக்காம ஒரு வரி எழுதாது." சொன்னேன்தான். பொய்யா அது? என்னை உட்கார வைத்துத்தானே எழுதினாள்?

ஒரு நாள் பாருங்கள், சூடு அதிகமானால் அப்பாவின் போனுக்கு ஒரு வார்த்தை போகிற மாதிரி எழுதினாள். ஓட்டினால் சிவப்பு. ரெண்டு கேட்டேன், பன்னிரண்டு கொடுத்திருக்கிறாய் என்கிறது. அவள் தலையைப் பிய்த்துக்கொண்டாள். என்னிடம் முதலிலிருந்து சொன்னாள். "இந்த வேலை தனியாள் இல்ல மாமா, ஒரு குடும்பத்தைச் சேந்த ஆளு. கூப்பிட்டா தன்னையும் ஒண்ணா எண்ணிக்கிட்டுத்தான் வரும். அதனால அது ஒண்ணு. நான் குடுத்த வார்த்தை ஒண்ணு. மொத்தம் ரெண்டு. அப்பறம் பன்னெண்டு எங்கிருந்து..." பேச்சைப் பாதியில் விட்டாள். திரையை முறைத்தாள். பிறகு மேசையைத் தட்டினாள்.

"கமா! மாமா, கமா போடலை!"

அடைப்புக்குறிக்குள் ஒற்றை ஆளை நிறுத்தினால் அவனுக்குப் பின்னால் ஒரு கமா போட வேண்டுமாம். அவள் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்கிறேன். "ஒத்தை ஆளா இருந்தாலும் பின்னாடி ஒரு கமா வேணும் மாமா. இல்லைன்னா அது ஒரு ஆளுன்னே அதுக்குத் தெரியாது. எழுத்து எழுத்தாப் பிச்சு எடுத்துக்கும்." பதினோரு எழுத்து வார்த்தை, பதினொன்றாகப் பிய்ந்துவிட்டது. தன்னோடு சேர்த்துப் பன்னிரண்டு. கமாவைப் போட்டாள். சிவப்புப் போய்விட்டது. எழுந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "மாமா, நீங்க இல்லைன்னா இதைக் கண்டுபுடிச்சிருக்கவே மாட்டேன்!"

இதை நினைவில் வையுங்கள். அவள் வாயால் சொன்னது. நான் எதையும் மறக்கிறவன் இல்லை.

என்ன, கம்ப்யூட்டரைத் திறக்கிறீர்கள்? திறவுங்கள், திறவுங்கள். காது மட்டும் இங்கே இருந்தால் போதும்.

அடுத்த வருஷம் பொங்கலுக்கு அவளோடு கோயம்புத்தூரில் வேலை பார்த்த மெர்சி என்ற பெண் பண்ணையைப் பார்க்க வந்தாள். நான் வழக்கம்போலக் குளித்து, சட்டை மாற்றி, முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். மெர்சி என்னைப் பார்த்தாள், மேகலாவைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏய், இவருதானா உன்னோட வாத்து?"

மேகலா அவளைக் கிள்ளினாள். ஆனால் சிரித்தாள். கிள்ளியதையும் பார்த்தேன், சிரித்ததையும் பார்த்தேன். மெர்சி பையிலிருந்து ஒரு மஞ்சள் ரப்பர் வாத்தை எடுத்தாள். குழந்தைகள் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிடுமே, அது. என் கையில் கொடுத்தாள். "அங்கிள், உங்களுக்குத்தான் வாங்கிட்டு வந்தேன்."

"இது என்னத்துக்கு அம்மிணி?" என்றேன் மேகலாவிடம்.

அப்போது சொன்னாள். "ஒண்ணுமில்லீங் மாமா. எங்க வேலைல ஒரு பழக்கம். மேசை மேல ரப்பர் வாத்து ஒண்ணு வெச்சுக்குவோம். தப்பு புடிபடலைன்னா அதுகிட்ட வரி வரியாச் சொல்லுவோம். அதுக்கு ஒண்ணும் புரியாது. ஆனா சொல்லச் சொல்ல நமக்கே எங்க தப்புன்னு தெரிஞ்சிரும். அதுக்குத்தான். கோவிச்சுக்காதீங்க."

அதுக்கு ஒண்ணும் புரியாது. கேட்டீர்களா? ஒரு வருஷம் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

மச்சான் தெய்வசிகாமணி வாசலில் நின்று கேட்டிருக்கிறார். அன்று சாயங்காலமே பேக்கரியில் வைத்துச் சொல்லிவிட்டார். "நம்ம பண்ணைல கோழி ஒரு லட்சம், வாத்து ஒண்ணே ஒண்ணு!" பேக்கரிக்காரன் டீயை வைக்கும்போது "பக் பக்" என்றான். அது கோழிச் சத்தம். வாத்துக்கு என்ன சத்தம் என்றுகூடத் தெரியாத ஆள். அவனெல்லாம் சிரித்தான். அந்த வருஷம் முழுக்க ஊரில் எனக்குப் பெயர் அதுதான். வாத்து மாப்ளே.

மேகலா வந்து கேட்டாள், "மாமா, மனசுல ஒண்ணும் இல்லீல்ல?" என்று. "என்ன அம்மிணி இருக்குது, ஒண்ணுமில்லை" என்றேன். அவள் நம்பினாள். நம்பிக்கொண்டு மறுநாளே முக்காலியை இழுத்துப் போட்டாள்! நான் போய் உட்கார்ந்தேன். ஆனால் அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். என்னைக் கேட்கட்டும். "மாமா, உங்களுக்கு என்ன தோணுது?" என்று ஒரே ஒரு தடவை கேட்கட்டும். கேட்டால் சொல்லுவேன். கேட்கிறவரை வாயைத் திறக்க மாட்டேன். வாத்தாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

ஒன்றரை வருஷம் கேட்கவில்லை தம்பி.

இதற்கிடையில் பத்தாவது கொட்டகை கட்டினார்கள். அது மேகலாவின் ஆசை. மற்ற ஒன்பதும் பக்கம் திறந்தவை. இது நாலு பக்கமும் அடைத்தது. காற்று வேண்டுமென்றால் ஃபேன்தான், வேறு வழியில்லை. பதினாலு பெரிய ஃபேன். மச்சானுக்கு விருப்பமே இல்லை. கடைசியில், "இந்த ஒரு கொட்டகையை அக்கினி நட்சத்திரம் முடியற வரைக்கும் ஓட்டிக் காட்டு. காட்டிட்டா மொத்தப் பண்ணையும் உன் கையில. இல்லைன்னா கம்ப்யூட்டரைத் தூக்கிக்கிட்டு மறுபடி வேலைக்குப் போயிரு" என்றார். அவள் சரி என்றாள். எட்டாயிரம் கோழி இறக்கினாள். முதல் ஒரு மாதம் ஃபேனைக் கையால் போடுகிற சுவிட்சில்தான் ஓட்டினோம். அந்தச் சுவிட்ச் என் பொறுப்பு. கொட்டகைக் கதவுக்குப் பக்கத்தில் இருக்கும். இந்தப் பக்கம் திருப்பினால் கை, அந்தப் பக்கம் திருப்பினால் கம்ப்யூட்டர்.

மே மாதம், ஒரு வியாழக்கிழமை. காலை பதினொரு மணி. "மாமா, இன்னைக்குப் பத்தாம் நம்பரையும் கம்ப்யூட்டர்ல சேத்துடறேன். சுவிட்சைத் திருப்பி வெச்சுட்டு வாங்க" என்றாள். திருப்பி வைத்தேன். ஃபேன் நின்றது. அலுவலக அறைக்குள் வந்து முக்காலியில் உட்கார்ந்தேன். அவள் ஓட்டினாள். ஒன்பது கொட்டகையும் ஓடியது. பத்து மட்டும் ஓடவில்லை. சிவப்பு எழுத்து. ரெண்டு கேட்டேன், மூணு கொடுத்திருக்கிறாய்.

"அடச்சே. சரி, ஃபேனைக் கைல போட்டுடலாம் மாமா. இதை ஒரு நிமிசத்துல பாத்துடறேன். இருங்க, எந்திரிக்காதீங்க, சொல்லிடறேன்."

அவள் சொன்ன வார்த்தையை நன்றாகக் கவனியுங்கள் தம்பி. நான் ஊர்ப் பஞ்சாயத்திலும் இதைத்தான் சொன்னேன். போட்டுடலாம் என்றாள். போடுங்கள் என்று சொல்லவில்லை. போட்டுடலாம் என்றால் யார் போடுவது? அவளா, நானா, இரண்டு பேருமா? ஆள் பெயரே இல்லாத வார்த்தை. அதற்கடுத்து என்ன சொன்னாள்? இருங்க, எந்திரிக்காதீங்க. அது தெளிவான வார்த்தை. நான் இருந்தேன். எழுந்திருக்கவில்லை.

சொல்ல ஆரம்பித்தாள். அறைக் கதவு சாத்தியிருந்தது, உள்ளே ஏசி. பத்தாம் கொட்டகை முந்நூறு அடி தள்ளி. "கொட்டகை நம்பரைக் குடுக்கறேன். அது ஒண்ணு. தன்னை ஒண்ணா எண்ணிக்கும். ரெண்டு. ஒம்பது கொட்டகைக்கும் இதேதான் மாமா, ரெண்டு வருசமா ஓடுது. பத்துக்கு மட்டும் ஏன்?"

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பெருமைக்குச் சொல்லவில்லை. கொட்டகைச் சுவரில் நம்பர் எழுதியவன் நான். ஒன்பது வரைக்கும் ஒரே எழுத்து. பத்துக்கு முதலில் ஒன்று எழுதினேன், பெயிண்ட் காய்கிறவரை பீடி குடித்தேன், பிறகு பூஜ்யம் எழுதினேன். பத்து என்பது இரண்டு எழுத்து. அந்த அடைப்புக்குறிக்குள் எட்டிப் பார்த்தேன். கமா இல்லை. எந்த நம்பருக்கும் இல்லை. ஒன்பது வரைக்கும் பிய்த்தாலும் ஒரே துண்டு, அதனால் யாருக்கும் தெரியவில்லை. பத்தைப் பிய்த்தால் ஒன்று, பூஜ்யம். இரண்டு துண்டு. தன்னோடு சேர்த்து மூன்று. அவ்வளவுதான் விஷயம். எனக்கு அவளே சொல்லிக் கொடுத்தது. அவள் மறந்துவிட்டாள். நான் மறக்கவில்லை.

நாக்கு நுனியில் வந்து நின்றது. கேட்கட்டும் என்று அடக்கிக்கொண்டேன்.

இரண்டாம் தடவை சொன்னாள். மூன்றாம் தடவை சொன்னாள். நடுவில் ஒரு தடவை நாற்காலியைத் திருப்பி, என் முகத்தைப் பார்த்து, "மூணாவது யாரு மாமா?" என்றாள்.

இல்லை தம்பி, அது கேட்டது ஆகாது. நீங்களும் அதையே சொல்கிறீர்கள், எல்லாரும் அதையே சொல்கிறார்கள். மாமா என்பது அவளுக்கு வாய்ப்பழக்கம். மேசையில் இருந்த மஞ்சள் வாத்தைப் பார்த்துக்கூட அப்படித்தான் கேட்டிருப்பாள். பதிலுக்காகக் கேட்டால் பதில் வருகிறவரை காத்திருக்க மாட்டாளா? அவள் இரண்டு நொடிகூட இருக்கவில்லை, திரும்பிக்கொண்டாள். சரி, மூன்று நொடி என்று வையுங்கள்.

பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க வெளியே வந்தேன். குழாயடியில் நிற்கும்போது பழனாயி ஓடி வந்தாள். முட்டை பொறுக்கும் பெண், அன்றைக்கு அவளை மூன்றாம் கொட்டகைக்கு மாற்றிவிட்டிருந்தேன்.

"அண்ணா, பத்துல ஃபேன் சத்தமே இல்லீங்களே."

"அம்மிணி பாத்துக்கிட்டு இருக்குது."

"கோழியெல்லாம் வாயப் பொளந்துக்கிட்டு மூச்சு வாங்குதுங்ணா. உள்ள நிக்க முடியலை. நீங்க சுவிட்சைத் திருப்புனா..."

"உன் வேலை முட்டை பொறுக்கறது. போய்ப் பொறுக்கு."

போய்விட்டாள். அவள் நேராக மேகலாவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம் அல்லவா? போகவில்லை. என்னை மீறிப் போகிற பழக்கம் அவளுக்கு இல்லை. அது என்னுடைய தப்பா?

நான் என்ன நினைத்தேன் என்றால், ஐம்பதோ நூறோ விழும். யாராவது வந்து சொல்லுவார்கள். மேகலா பதறிப்போய், "மாமா, என்னங்க பண்றது, உங்களுக்கு ஏதாச்சும் தோணுதா?" என்பாள். நான் எழுந்து, அவசரப்படாமல், விரலை அந்த அடைப்புக்குறிக்குள் வைத்து, "இங்கே ஒரு கமா போடு அம்மிணி" என்பேன். பேக்கரி வரைக்கும் போகும் அந்தப் பேச்சு. திரும்பவும் போய் முக்காலியில் உட்கார்ந்தேன்.

அடைத்த கொட்டகை இவ்வளவு சீக்கிரம் கொல்லும் என்று எனக்குத் தெரியாது. தெரியும். ஆனால் அவ்வளவு சீக்கிரம் என்று தெரியாது.

பன்னிரண்டே முக்காலுக்குப் பழனாயி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பத்தாம் கொட்டகைப் பக்கமாகக் கையை ஆட்டினாள். மேகலா அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். அந்த வெயிலில் வெறுங்காலோடு.

நான் பின்னால் நடந்துதான் போனேன். அதற்குள் அவளே சுவிட்சைத் திருப்பியிருந்தாள். ஃபேன் ஓடியது. ஓடி என்ன? கூண்டில் கோழி எல்லாம் கழுத்தை வெளியே தொங்கவிட்டுக் கிடந்தன, துணி காயப்போட்ட மாதிரி. கதவுக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் அசைந்தது. அவள் நடுவழியில் நின்று ஒவ்வொன்றாகக் கழுத்தைத் தூக்கிப் பார்த்தாள். தூக்குவது, விடுவது, அடுத்தது. எட்டாயிரத்தையும் தூக்கிப் பார்ப்பாள்போல இருந்தது. பழனாயிதான் இழுத்து வெளியே கொண்டுவந்தாள்.

மச்சான் மூன்று மணிக்கு வந்தார். ஜேசிபி வந்து குழி தோண்டியது. சாயங்காலம் செத்த கோழி எத்தனை என்று ஒவ்வொரு கொட்டகையாகச் சொல்லுவது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை. அன்றைக்கும் போய் நின்றேன். குழிக்கரையில் அப்பனும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். "ஒண்ணாம் நம்பர், ரெண்டு. ரெண்டாம் நம்பர், ஒண்ணுமில்லை. மூணாம் நம்பர், நாலு" என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். "பத்தாம் நம்பர், ஏழாயிரத்து அறுநூத்தி நாப்பது."

மேகலா தலையைத் தூக்கினாள்.

"மாமா, ஃபேனைப் போடுங்கன்னு சொன்னேனே."

"போடுங்கன்னு சொல்லலை அம்மிணி. போட்டுடலாம்னு சொன்னே."

"அதுக்கு என்னங்க மாமா அர்த்தம்?"

"அதுதான் எனக்கும் தெரியலை. வாத்துக்கு என்ன புரியும்?"

மச்சான், "மாப்ளே, என்ன பேச்சுப் பேசறே நீ?" என்று எழுந்தார். நான் அவரைப் பார்க்கவே இல்லை. அவளிடம்தான் சொன்னேன். "பத்துக்குப் பின்னால கமா இல்லை. ஒத்தை ஆளா இருந்தாலும் ஒரு கமா வேணும்னு நீதானே சொன்னே? ஒண்ணு, சைபர்னு ரெண்டாப் பிச்சுக்கிச்சு. காலைல நீ முதல் தடவை சொல்றப்பவே எனக்குத் தெரியும்."

குழிக்குள் சுண்ணாம்பு கொட்டிக்கொண்டிருந்தவன்கூட மண்வெட்டியை நிறுத்திவிட்டான். நான் காத்திருந்தேன். இப்போது சொல்லுவாள் என்று நினைத்தேன்.

எழுந்தாள். நேராக அலுவலக அறைக்குப் போனாள். நான் சும்மா நிற்காமல் போய்ச் சுவிட்சைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி வைத்தேன், அவள் சோதித்துப் பார்க்கட்டும் என்று. அரை நிமிஷம் ஆயிற்று. பதினாலு ஃபேனும் ஒன்றாகக் கிளம்பின. பிழைத்ததையும் வேறு கொட்டகைக்கு மாற்றிவிட்ட காலிக் கொட்டகையில் அந்தச் சத்தம் எப்படி இருந்தது தெரியுமா? உள்ளே கிடந்த இறகு எல்லாம் கிளம்பி மறுபக்கம் வழியாகக் குழியின் மேல் போய் விழுந்தது. கமாதான் தம்பி! நான் சொன்னது எழுத்துக்கு எழுத்துச் சரி! "பாத்தியா அம்மிணி" என்று கத்தினேன். அவள் வெளியே வந்தாள். என்னைத் தாண்டிப் போனாள்.

மச்சான், "இனிமே இந்தக் கேட்டுக்குள்ள வந்தீன்னா காலை வெட்டுவேன்" என்றார். அக்காள் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. பஞ்சாயத்தில் பெரியவர்கள் எல்லாரும் அந்தச் சுவிட்சைத்தான் பிடித்துக்கொண்டார்கள். கமாவைப் பற்றி ஒரு ஆள் கேட்கவில்லை. விளக்கிச் சொன்னேன். ஒருத்தனுக்கும் விளங்கவில்லை.

பண்ணை அவள் கைக்கு வரவில்லை. பேச்சுப் பேச்சுதானே, மச்சான் கம்ப்யூட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டார். இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். வெயில் காலத்திலும் அறையில் ஃபேன் போடாமல் படுக்கிறாளாம். அந்தச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாளாம். பழனாயி சொன்னாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. நடிப்பு. கோழி வளர்க்கிற குடும்பத்தில் பிறந்தவளுக்குக் கோழி செத்தால் தூக்கம் போகுமா?

அவளைப் பார்க்கத்தான் போகிறேன். இது மூன்றாவது தடவை. முதல் தடவை கம்பெனி வாசலில் என்னைப் பார்த்தவுடன் வந்த வழியே திரும்பி உள்ளே போய்விட்டாள். இரண்டாம் தடவை, அப்படி ஒரு ஆளே இங்கே இல்லை என்று செக்யூரிட்டியைச் சொல்லச் சொல்லியிருக்கிறாள். இன்றைக்கு விடமாட்டேன். சண்டைக்குப் போகவில்லை. அவள் ஒன்றே ஒன்று சொன்னால் போதும். "மாமா, நீங்கதான் கண்டுபுடிச்சீங்க." மூன்றே வார்த்தை. அவள் சிநேகிதி மெர்சிக்கும் போன் போட்டு அதைச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். பார்க்கிறீர்களா? பையில்தான் வைத்திருக்கிறேன். அமுக்கினால் இன்னும் சத்தம் வருகிறது.

ஒன்று மட்டும் அவள் சொன்னது பொய் தம்பி. சொல்லச் சொல்ல நமக்கே எங்கே தப்பு என்று தெரிந்துவிடும் என்றாளே, அது. நான் எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன்! பேக்கரியில், பஞ்சாயத்தில், இந்த பஸ்ஸில் மூன்று தடவை, மூன்று பேரிடம். வரி வரியாக, ஒன்று விடாமல். தப்பை எல்லாம் எண்ணியும் பார்த்துவிட்டேன். மேகலாவின் தப்பு ஏழு. அவள் அப்பனுடையது மூன்று. பழனாயி ஒன்று. மொத்தம் பதினொன்று. எத்தனை தடவை எண்ணினாலும் பதினொன்றுதான் வருகிறது. கணக்கு இடிக்கவே இல்லை.

அதோ, ஓசூர் பாலம் தெரிகிறது. நான் இறங்க வேண்டும்.

நீங்கள் நல்லவர்போல இருந்தீர்கள் தம்பி. அதனால்தான் சொன்னேன். ஆனால் நான் பார்க்கவில்லை என்று நினைக்காதீர்கள். கமா கதை சொல்லும்போது கம்ப்யூட்டரைத் திறந்தீர்கள். அடைப்புக்குறிக்குள் ஒன்றைத் தட்டினீர்கள். சிவப்புப் போய்விட்டது. கிருஷ்ணகிரி வருவதற்கு முன்பே போய்விட்டது. அப்புறம் மூடி வைத்துவிட்டு, வெளியே பார்த்துக்கொண்டு, என் கதைக்கு "ம்" கொட்டிக்கொண்டு வந்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. யார் சொல்லி அது போயிற்று?

வேண்டாம், இப்போது சொல்லாதீர்கள். நான் சொல்லிக் காட்டிய பிறகு சொன்னால் அது கணக்கில் வராது.

உங்கள் பெயர் என்ன சொன்னீர்கள்? சொல்லவே இல்லை, இல்லையா? சொல்லுங்கள். எந்த ஊர்?